குடல் தன்னையே தின்பதில்லை

"உங்க உடம்பே உங்க குடலைத் தாக்குது." குடல் அழற்சி நோய் வந்தவர்களிடம் நம் மருத்துவமனைகளில் சொல்லப்படும் முதல் விளக்கம் இது. பல நேரம் கடைசி விளக்கமும் இதுவே. சிதம்பரம் - ஜெயங்கொண்டம் சாலையும் சென்னை - கும்பகோணம் சாலையும் சந்திக்கும் மீன்சுருட்டியிலிருந்து தஞ்சாவூருக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோ போய், கொலனோஸ்கோப்பி எடுத்து, 'கிரோன்' என்றோ 'அல்சரேட்டிவ் கோலைடிஸ்' என்றோ எழுதிய சீட்டோடு பஸ் ஏறுகிறவர் ஊருக்குக் கொண்டுவருவது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். வீட்டு வாசலிலேயே பெரியப்பா கேட்பார்: "என்னடா, எதிர்ப்பு சக்தி கம்மியாமா?" "இல்ல பெரியப்பா, அதிகமாம்." "அதிகமா இருந்தா நல்லதுதானடா, அதுக்கு எதுக்கு மருந்து?"

சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வியில்லை. மருத்துவர் சொன்னதை அப்படியே நம்புகிற யாரும் அடுத்துக் கேட்க வேண்டியது இதைத்தான். அந்த வாக்கியத்துக்குள் இதற்குப் பதில் கிடையாது. பதில் இல்லாததால் நடப்பது என்ன? சீட்டில் எழுதிய அசதயோப்ரின் 'எதிர்ப்பு சக்தியைக் கொல்ற மாத்திரை' ஆகிவிடுகிறது. கழிச்சல் அடங்கிய வாரமே அதை நிறுத்திவிடுகிறார்கள். எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடி ஒன்று சொந்தக்காரர் கைவழியே வீட்டுக்கு வருகிறது. கொரோனாவுக்குப் பிறகு அப்படி ஒரு பொடி நுழையாத வீடு அபூர்வம். குறைக்க மாத்திரை, கூட்டப் பொடி. மருத்துவர் ஒரு பக்கமும் பொடிக்காரர் மறுபக்கமும் நிற்பதாகத் தோன்றும். ஆனால் எதிர்ப்பு சக்தி என்பது காய்ச்சல்மானியின் பாதரசம்போல ஏறி இறங்கும் ஒற்றை அளவு என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து.

அந்தக் கருத்தைத்தான் மறுக்கிறேன். குடல் அழற்சி நோயில், முக்கியமாகச் சிறுகுடலின் கடைப்பகுதியைப் பிடிக்கும் கிரோன் நோயில், முதலில் நேர்வது ஒரு குறை. பிறக்கும்போதே குடலின் மேற்பரப்பில் அமைந்த கிருமித் தடுப்பு தளர்ந்துபோகிறது. உள்ளே வரக்கூடாத நுண்ணுயிர்கள் வருகின்றன. அதற்குப் பிறகு எழுவதுதான் கேமராவில் தெரியும் சிவப்பும் புண்ணும். உடம்பு குறிவைப்பது அந்த நுண்ணுயிர்களை. நடுவில் அகப்பட்டுப் புண்ணாவது குடல்.

மேற்பரப்பு என்று சொன்னேன். அது எப்படிப்பட்டது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். உணவுப்பாதையின் உட்புறம் முழுவதையும் விரித்துப்போட்டால் சுமார் 30 சதுர மீட்டர் வரும். அத்தனை பரப்பையும் மூடியிருப்பது ஒரே ஒரு அடுக்குச் செல்கள். அவையும் மூன்று முதல் ஐந்து நாளில் உதிர்ந்து புதிதாக முளைப்பவை. பெருங்குடலில் ஒரு கிராம் கழிவில் பத்தாயிரம் கோடி பாக்டீரியா இருக்கும். ஒரு செல் தடிமனுள்ள தோலுக்கு அந்தப் பக்கம் அத்தனை உயிர்கள், இந்தப் பக்கம் நம் ரத்தம். ஆச்சரியப்பட வேண்டியது சிலருக்குக் குடல் புண்ணாகிறது என்பதற்கு அல்ல. மற்ற எல்லோருக்கும் எழுபது எண்பது வருஷம் புண்ணாகாமல் இருக்கிறதே, அதற்கு.

அப்படிப் புண்ணாகாமல் இருக்கும் விதம் அழகானது. சிறுகுடலில் விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகளுக்கு இடையே குழிகள் உண்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் சில செல்கள், வயிறு முட்டத் துகள்களை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஜெர்மானியரான குஸ்டாவ் ஷ்வால்பே 1872இல் இவற்றைப் பார்த்தார். வியன்னாவின் ஜோசப் பேனெத் 1888இல் விரிவாக எழுதினார். பெயர் பேனெத்துக்குப் போயிற்று. பக்கத்துச் செல்கள் சில நாளில் உதிர, பேனெத் செல்கள் வாரக்கணக்கில் வாழும். அவற்றின் துகள்களுக்குள் இருப்பவை கிருமிக்கொல்லிகள்: பாக்டீரியாவின் உறையைக் கரைக்கும் லைசோசைம், சவ்வைத் துளைக்கும் ஆல்ஃபா டிஃபென்சின்கள், இன்னும் சில. எச்டி-5 என்ற டிஃபென்சின் செயலற்ற வடிவில் வெளியே வந்து, குடலில் ஓடும் டிரிப்சின் நொதி வெட்டிய பிறகே வேலை தொடங்கும். எச்டி-6 எதையும் கொல்வதில்லை. பாக்டீரியாவைச் சுற்றி நுண்ணிய இழைகளாகப் பின்னிக்கொண்டு அதை நகரவிடாமல் செய்கிறது. 2012இல்தான் இது தெரியவந்தது. பெருங்குடலில் ஏற்பாடு வேறு. அங்கே கோப்பை வடிவச் செல்கள் சுரக்கும் சளி இரண்டு படலமாக அமைகிறது. வெளிப்படலத்தில் பாக்டீரியா வாழலாம். செல்லை ஒட்டிய உட்படலத்துக்குள் அவற்றுக்கு இடமில்லை. இதை 2008இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இந்தச் சளிக்கு ஆதாரமான புரதம் இல்லாத எலிகளுக்கு யாரும் எதுவும் செய்யாமலே பெருங்குடல் அழற்சி வருகிறது.

இதில் 'தாக்குதல்' எங்கே இருக்கிறது? இந்தக் கிருமித் தடுப்பின் வேலையே எதிரும் புதிருமான இரண்டு கூட்டத்தைச் சந்திக்கவிடாமல் வைத்திருப்பது. இது நன்றாக நடந்தால் வெள்ளையணுக்களுக்குக் குடலில் அதிக வேலை இல்லை.

இனி சான்றுகள். 2001இல் கிரோன் நோயோடு தொடர்புடைய முதல் மரபணு கண்டறியப்பட்டது: நாட்-2. பாக்டீரியா உறையின் ஒரு துணுக்கைச் செல்லுக்குள் உணர்ந்து சொல்லும் புரதம் அதிலிருந்து உருவாகிறது; பேனெத் செல்லில் அது நிறைய. உடம்பு வெறிபிடித்துத் தன்னைத் தாக்குகிறது என்றால், நோயாளிகளிடம் இந்த உணர்கருவி அளவுக்கு மீறி அலறிக்கொண்டிருக்க வேண்டும். கண்டது தலைகீழ். கிரோன் நோயாளிகளிடம் உள்ள நாட்-2 மாற்றங்கள் அந்தக் கருவியை மந்தமாக்குபவை. பாக்டீரியா துணுக்கைக் கொடுத்தாலும் அது எழுவதில்லை. சரி, அளவுக்கு மீறி அலறும் நாட்-2 மாற்றமும் உண்டா? உண்டு. பிளாவ் நோய் என்று பெயர். குழந்தைகளுக்கு மூட்டும் கண்ணும் தோலும் வீங்கும். அதன் அடையாளத்தில் குடல் கிடையாது. ஒரே மரபணு, கூடினால் ஒரு நோய், குறைந்தால் வேறொரு நோய். குடலைப் பிடிப்பது குறைந்தால் வருவது. இதற்கு மேல் தெளிவான சாட்சியை இயற்கை தரப்போவதில்லை.

2004, 2005 ஆண்டுகளில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் யான் வேகாம்ப், எட்வர்ட் ஸ்டாங்கே குழுவினர், சிறுகுடல் கிரோன் நோயாளிகளிடம் ஆல்ஃபா டிஃபென்சின்கள் குறைந்திருப்பதைக் காட்டினார்கள். 2008இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில், ஏடிஜி16எல்1 என்ற இன்னொரு கிரோன் மரபணு பழுதான எலிகளில் பேனெத் செல்லின் துகள்கள் தாறுமாறாகக் கிடப்பதைக் கண்டார்கள். அதே மரபணு மாற்றமுள்ள நோயாளிகளின் குடலிலும் அப்படியே.

லண்டனில் ஆன்டனி சீகல் குழுவினர் 2006இல் செய்தது இதைவிட நேரடியானது. கொல்லப்பட்ட ஈ. கோலை பாக்டீரியாவை முன்கைத் தோலுக்கடியில் ஊசியால் செலுத்தினார்கள். எதிர்ப்பு மிகுந்தவர்கள் என்றால் கிரோன் நோயாளிகளின் கை நன்றாகச் சிவந்து வீங்க வேண்டும். நடந்ததோ, நோயில்லாதவர்களின் கையில் ரத்த ஓட்டம் நன்றாக ஏறியது, கிரோன் நோயாளிகளுக்கு மிகக் குறைவாகவே ஏறியது. (வயாகரா மாத்திரையில் உள்ள சில்டெனாஃபில் கொடுத்தபோது அந்த ரத்த ஓட்டம் சீரானது என்பது அந்தக் கட்டுரையில் வரும் துணைச் செய்தி. யாரும் ஓடிப்போய் வாங்க வேண்டாம்.) கையில் குடல் இல்லை, புண் இல்லை, மலம் இல்லை. பாக்டீரியாவைக் கண்டதும் ஓடிவர வேண்டிய முதல் உதவியே அங்கு தாமதமாகிறது.

எனக்குப் பிடித்த சான்று ஒரு தோல்வி. ஐஎல்-17 என்ற அழற்சிச் செய்தி மூலக்கூறை மறிக்கும் செகுகினுமாப் என்ற மருந்து சொரியாசிஸுக்கும் முதுகெலும்பு மூட்டு அழற்சிக்கும் அருமையாக வேலை செய்கிறது. கிரோன் நோயாளிகளின் குடலில் ஐஎல்-17 மிகுந்து கிடக்கிறது. மிகுதிதான் நோய் என்றால், அதை மறித்தால் நோய் அடங்க வேண்டும். 2012இல் முடிவு வெளியானது: வெற்று மருந்து பெற்றவர்களைவிட உண்மை மருந்து பெற்றவர்கள் மோசமானார்கள், பூஞ்சைத் தொற்றும் கூடியது. பிறகு புரோடலுமாப் என்ற இன்னொரு மருந்திலும் இதே கதை. குடலின் செல்களைக் கிருமிக்கொல்லி சுரக்கச் சொல்லியும், செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான இணைப்பை இறுக்கியும் கொண்டிருந்ததே ஐஎல்-17தான். நோயின் காரணம் என்று கருதி அகற்றப்பட்டது, மிச்சமிருந்த தற்காப்பு.

தன் உடம்பைத்தான் தாக்குகிறது என்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய இன்னொன்று உண்டு. கிரோன் நோயாளியின் சிறுகுடல் முனையை வெட்டி, மிச்சத்தைப் பெருங்குடலோடு இணைத்தால், ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்கு இணைத்த இடத்துக்கு மேலேயே மறுபடி புண் தொடங்கும். பெல்ஜியத்தின் பால் ருட்கேர்ட்ஸ் குழுவினர், இணைத்த இடத்துக்குக் கழிவு வராமல் அதற்கு மேலேயே வயிற்றுக்கு வெளியே திருப்பிவிடப்பட்டவர்களைப் பின்தொடர்ந்து 1991இல் எழுதினார்கள்: அந்த இடத்தில் புண் வரவில்லை. கழிவோட்டத்தைத் திரும்பச் சேர்த்ததும் வந்தது. பின்னர் குடல்நீரை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தபோது சில நாளிலேயே அழற்சி தொடங்கியது. குடல் அதே குடல். எதிர்ப்பணுக்களும் அதே எதிர்ப்பணுக்கள். தாக்கப்படுவது 'தான்' என்றால் கழிவோட்டம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ரத்தத்தில் தேடினாலும் இதுதான். கிரோன் நோயாளிகளிடம் அதிகம் காணப்படும் எதிர்ப்பொருள்கள் ஈஸ்டின் உறைக்கும், பாக்டீரியாவின் வாலுக்கும், அதன் வெளிச்சவ்வுக்கும் எதிரானவை.

இப்போது மறுதரப்பு. அவர்களுடைய வலுவான வாதம் எளிமையானது: "ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்குகிறதே? இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசி போட்டால் புண் ஆறுகிறதே? எதிர்ப்பைக் குறைத்தால் நோய் குறைகிறது என்றால் எதிர்ப்புதானே நோய்?"

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ராஜேந்திர சோழன் வெட்டுவித்த சோழகங்கம், இப்போதைய பொன்னேரி, மீன்சுருட்டிக்காரர்களுக்குத் தெரிந்த ஏரி. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அப்படி ஓர் ஏரிக்கரையில் அரிப்பு விழுந்தால் ஊரே மண்வெட்டியும் மணல்மூட்டையுமாக ஓடும். ராத்திரி, இருட்டு, ஆளாளுக்கு ஓட்டம். கரையோரப் பயிரெல்லாம் மிதிபட்டு நாசமாகும். காலையில் வரும் அதிகாரி மிதிபட்ட வயலை மட்டும் பார்த்துவிட்டு 'கூட்டமே சேதத்துக்குக் காரணம்' என்று எழுதிக்கொண்டு போகலாம். கூட்டத்தைக் கலைத்தால் மிதிபடுவது நிற்கும், அதிலும் பொய்யில்லை. அரிப்பு இருந்த இடத்தில் இருக்கும்.

ஸ்டீராய்டு செய்வது கூட்டத்தைக் கலைப்பது. அது தேவைப்படும் வேளை உண்டு. சில வேளைகளில் உயிரைக் காப்பதே அதுதான். குடல் ஓட்டையாகும் நிலையில் இருப்பவரிடம் பேனெத் செல்லைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருக்க முடியாது. இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒருவர் தம் மாத்திரையை நிறுத்தினால் நான் எழுதியதன் அர்த்தமே கெட்டுவிடும். மிதித்த இடத்தில் புதுச் செல் முளைக்காது. அழற்சியை அடக்கினால்தான் மேற்பரப்பே ஆற முடியும். ஆனால் பலருக்கு மருந்தை விட்டதும் நோய் திரும்புவதையும், வெட்டி எடுத்த பிறகும் வருவதையும் 'மிகுதி' விளக்கத்தால் சொல்ல முடியவில்லை. நான் சொல்லும் விளக்கத்தில் அது எதிர்பார்க்க வேண்டியதே.

மறுதரப்பின் இரண்டாவது வாதம் நுட்பமானது. டிஃபென்சின் குறைவது நோயின் காரணமா, விளைவா? ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் குழு 2008இல் இதைக் கேட்டது: அழற்சியில் மேற்பரப்புச் செல்களே உதிர்ந்துவிடும்போது அவை சுரக்கும் டிஃபென்சினும் குறையத்தானே செய்யும்? நல்ல கேள்வி, ஜெர்மன் குழுவின் அளவீடுகளை மட்டும் வைத்து இதற்கு முழுப் பதில் சொல்ல முடியாது. பெருங்குடல் கிரோன் நோயில் பீட்டா டிஃபென்சின் மரபணுப் பிரதிகள் குறைவு என்று 2006இல் வந்த முடிவும் பின்னால் வந்த ஆய்வுகளில் நிற்கவில்லை. ஆனால் மரபணு அழற்சிக்குப் பிறகு வருவதில்லை, பிறக்கும்போதே இருக்கிறது. எலியின் பேனெத் செல்லில் மட்டும் ஏடிஜி16எல்1, எக்ஸ்பிபி1 மரபணுக்களை அகற்றி, மற்ற செல்களைத் தொடாமல் விட்டுப் பார்த்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில் அழற்சி அங்கிருந்தே கிளம்பியது. பெருங்குடலிலும் இதற்கு இணை உண்டு. அல்சரேட்டிவ் கோலைடிஸில் சளிப்படலம் நலிவது நோயின் தொடக்க நிலையிலேயே நிகழ்கிறது என்று கோத்தன்பர்க் குழுவினர் 2019இல் எழுதினார்கள்.

அவர்களிடம் ஒரு நல்ல சீட்டும் இருக்கிறது. 2021இல் ஜப்பானின் கியோட்டோ ஆய்வாளர்கள், அல்சரேட்டிவ் கோலைடிஸ் நோயாளிகளில் மிகப் பெரும்பாலோரிடம் ஆல்ஃபா-வி பீட்டா-6 இன்டெக்ரின் என்ற சொந்தப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளைக் கண்டார்கள். நோய் தெரிவதற்குப் பல வருஷம் முன்னாலேயே ரத்தத்தில் அது இருப்பதாகப் பின்னர் தெரிந்தது. இது உண்மையிலேயே 'தன்னைத் தாக்குவது'தான். பெருங்குடல் நோயைப் பொறுத்தவரை என் வாதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். முழுக்க விடமாட்டேன், ஏனெனில் அந்த இன்டெக்ரின் இருப்பது மேற்பரப்புச் செல்களின் மீது; தாக்குதலே அந்தத் தடுப்பின் மீதுதான் விழுகிறது. அதேபோல, ஐஎல்-10 ஏற்பி பழுதாகிப் பிறக்கும் கைக்குழந்தைகளுக்கு வரும் கடுமையான குடல் அழற்சி, அடக்கும் சக்தி இல்லாததால் வருவது. எலும்புமஜ்ஜை மாற்றினால் குணமாகிறது. 'கிரோன்' என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. அதனாலேயே எல்லோருக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி அனுப்புவது தவறு.

தடுப்பைத் தூண்டும் மருந்து கொடுத்தால் தீர்ந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வெள்ளையணுக்களைக் கூட்டும் சார்கிராமோஸ்டிம் என்ற மருந்தைக் கிரோன் நோயாளிகளுக்குக் கொடுத்த ஆய்வு 2005இல் வெளியானது. பலருக்கு நோய் தணிந்தும், ஆய்வின் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. ஆகவே பொடிக்காரருக்கு நான் வக்கீல் இல்லை. அவருடைய பொடி குடலில் எந்தச் செல்லின் எந்தச் சுரப்பைக் கூட்டுகிறது என்று கேளுங்கள். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

நம் பக்கத்துக்கு வருவோம். 'இதெல்லாம் வெள்ளைக்காரன் நோய், பணக்கார நோய், பட்டணத்து நோய்' என்பது இன்னும் சில மருத்துவர்களிடமே இருக்கும் எண்ணம். பஞ்சாபின் லூதியானாவில் எடுத்து 2003இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் அல்சரேட்டிவ் கோலைடிஸ் ஒரு லட்சம் பேருக்கு 44 பேரிடம் இருந்தது. ஐதராபாத்தின் ஏஐஜி மருத்துவமனை 2023இல் வெளியிட்ட தெலங்கானா ஆய்வில், குடல் தொல்லையோடு வந்தவர்களில் நகரத்தார், கிராமத்தார் இரு தரப்பிலும் ஏறக்குறைய 5 சதவிகிதத்தினருக்குக் குடல் அழற்சி நோய் இருந்தது. முந்திரிக்காடும் நெல்வயலும் சூழ்ந்த ஜெயங்கொண்டம் வட்டாரத்தில் ரத்தக் கழிச்சலை மூலச்சூடு என்று சொல்லி மோரும் வெந்தயமும் கொடுத்து வருஷத்தை ஓட்டுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது இருக்கிறதோ. மருந்துக்கடையில் "வயித்தால போவுது" என்றால் ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை கைக்கு வரும். அதைப் பழி சொல்ல எனக்கு ஆசைதான். மேற்கத்திய நாடுகளில் சிறுவயது ஆன்டிபயாடிக் பிற்கால குடல் அழற்சியோடு தொடர்புபட்டிருக்கிறது. ஆனால் ஆசிய - பசிபிக் நாடுகளில் எடுத்த ஆய்வு 2015இல் நேரெதிராகச் சொன்னது: ஆசியர்களிடம் சிறுவயது ஆன்டிபயாடிக் பயன்பாடு நோய் குறைவோடு சேர்ந்து வந்தது. மேற்கின் முடிவைக் கொண்டுவந்து இங்கே ஆணியடிக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம்.

நம் துணைக்கண்டத்து ஆய்வுகளே இந்த மேற்பரப்பைப் பற்றி நிறையச் சொல்லியிருக்கின்றன, நாம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை. சீதபேதியை எடுத்துக்கொள்ளுங்கள். டாக்காவின் வயிற்றுப்போக்கு ஆய்வு நிலையத்தில், ஷிகெல்லா கிருமி குடலில் புகுந்ததும் எல்எல்-37 என்ற நம் சொந்தக் கிருமிக்கொல்லியின் சுரப்பையே அடக்கிவிடுகிறது என்று 2001இல் கண்டார்கள். அதே நிலையத்தின் ருபானா ரகீப் குழுவினர் 2006இல் முயல்களுக்கு பியூட்டிரேட் கொடுத்தபோது அந்தச் சுரப்பு மீண்டது, நோய் தணிந்தது. பியூட்டிரேட் கடையில் வாங்க வேண்டிய பொருளில்லை. சிறுகுடலில் செரிக்காமல் தப்பிப் பெருங்குடலுக்குப் போகும் மாவுப்பொருளை அங்குள்ள பாக்டீரியா நொதிக்கும்போது உண்டாவது. வேலூர் சிஎம்சியின் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் அப்படிப்பட்ட மாவை உப்பு-சர்க்கரைக் கரைசலில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்து, கழிச்சல் குறைவதை 2000ஆம் ஆண்டிலேயே நிரூபித்தார்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை, அரசு நிதியோடு பழைய சோற்றைக் குடல் அழற்சி நோயாளிகளிடம் ஆராய எடுத்துக்கொண்டதற்குப் பின்னால் இப்படி ஒரு தர்க்கம் இருக்கிறது. 'பழைய சோறு குடல் புற்றையும் குணமாக்கும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதற்கு எந்தத் தர்க்கமும் கிடையாது. டெல்லி எய்ம்ஸின் வினீத் அகூஜா குழுவினர் 2022இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான அல்சரேட்டிவ் கோலைடிஸ் நோயாளிகளுக்கு ஆரோக்கியமானவர்களின் மல நுண்ணுயிர்களையும் அழற்சி தணிக்கும் உணவையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பலருக்கு நோய் அடங்கி, உணவால் மட்டும் ஓராண்டு அடங்கியே இருந்தது. கிரோன் பிடித்த குழந்தைகளுக்குச் சில வாரம் திரவ உணவு மட்டும் கொடுத்தாலே ஸ்டீராய்டுக்கு ஈடாகப் பலன் கிடைப்பது எப்போதோ தெரிந்தது. எதிர்ப்பு மிகுதிதான் நோய் என்றால், எந்த எதிர்ப்பணுவையும் மறிக்காத இவை ஏன் வேலை செய்ய வேண்டும்?

என் தரப்புக்கு எதிரான கடைசிக் கல்லும் வேலூரிலிருந்தே வந்தது. ராமகிருஷ்ணா குழுவினர் 2008இல் இந்தியக் கிரோன் நோயாளிகளைச் சோதித்தபோது, மேற்கில் பிரபலமான நாட்-2 மாற்றங்கள் அவர்களிடம் இல்லை. அப்படியானால் இவ்வளவு நேரம் நாட்-2 பற்றிப் பேசியது வெள்ளையர்களின் குடலுக்கு மட்டும்தானா? ஜப்பானியர்களிடமும் அந்த மாற்றங்கள் கிடையாது. அங்கே 2017இல் பேனெத் செல்களையே நேரடியாக எண்ணிப் பார்த்தார்கள். ஒரு பகுதி நோயாளிகளிடம் அவை பழுதாகியிருந்தன; தொடர்புடைய மரபணு மட்டும் வேறு, எல்ஆர்ஆர்கே2, பார்கின்சன் நோயில் பேர்போனது. பழுதுக்குப் போகும் வழி பல. பழுதாகும் இடம் ஒன்று.

தமிழ்நாட்டில் பேனெத் செல்களை எண்ணிப் பார்ப்பது முக்கியமாவதற்குத் தனிக் காரணம் உண்டு. இங்கே சிறுகுடல் முனையில் புண் என்றால் முதல் சந்தேகம் காசநோய். கிரோனா டிபியா என்று தீராமல் ஆறு மாதம் டிபி மாத்திரை கொடுத்துப் பார்ப்பது வழக்கம். பிறகு கிரோன் என்று முடிவாகி இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டால், உறங்கிக்கிடந்த டிபி விழித்துக்கொள்ளும் அபாயம். இந்தக் குழப்பம் தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. 2012இல் குடல் அழற்சி நோயோடு தொடர்புடைய 163 மரபணு இடங்களைத் தொகுத்த சர்வதேச ஆய்வு, அவற்றில் பல, காசநோய், தொழுநோய்க் கிருமிகளின் குடும்பத்துக்கு எதிரான தற்காப்பில் பங்குபெறுபவை என்று கண்டது. தொழுநோய்க்கு ஆளாகும் தன்மையோடு நாட்-2வின் தொடர்பைச் சீனாவில் 2009இல் காட்டினார்கள். சிஎம்சி, ஜிப்மர், ஸ்டான்லி, தஞ்சாவூர் என்று நம் மருத்துவமனைகளின் நோய்க்கூறியல் துறைகளில் குடல் திசுத்துண்டுகள் மெழுகில் பதித்து அடுக்கிக்கிடக்கின்றன, கிரோனுடையதும் டிபியுடையதும் பக்கத்துப் பக்கத்திலேயே. சாதாரண எச் அண்ட் ஈ சாயத்திலேயே பேனெத் துகள்கள் செம்பொட்டுகளாகத் தெரியும்; லைசோசைமுக்கான சாயம் போட்டால் இன்னும் துல்லியம். புதுக் கருவி வேண்டாம், கோடிக்கணக்கில் நிதி வேண்டாம். மெல்லிய வில்லைகளாகச் சீவி, குழிக்குக் குழி எண்ண வேண்டும். நோய்க்கூறியல் மேற்படிப்பு மாணவர் ஒருவர் தம் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொள்ளக்கூடிய அளவு வேலைதான் அது.